அபராதத்துக்கு முன் நிற்கும் 'இஃப்'

பள்ளியிலிருந்து வரும் நாட்குறிப்பு, விடுதியில் சேர்க்கும்போது பெற்றோரின் கையொப்பம் கேட்கும் தாள், நகைக்கடன் பத்திரம், வேலையில் அமரவிருக்கும் மகளுக்கு வரும் நியமனக் கடிதம் ஆகிய வாயில்கள் வழியாகவே ஆங்கிலம் நம் இல்லங்களுக்குள் பெரும்பாலும் நுழைகின்றது. கதையாகவும் கவிதையாகவும் வருவதைவிட விதியாகவும் அபராதமாகவும் வருவதே மிகுதி. அத்தகைய தாளைக் கையில் வாங்கியதும் நம் கண்கள் முதலில் தேடுவது ரூபாய்த் தொகையை. அடுத்துத் தேடுவது கையொப்பமிட வேண்டிய இடத்தை. இரண்டுக்கும் இடையே 'இஃப்', 'அன்லெஸ்', 'ப்ரொவைடட்' என்று நிற்கும் சின்னஞ்சிறு சொற்களை நாம் தாண்டிச் சென்றுவிடுகிறோம். தண்டனை யாருக்கு, எப்போது, எவ்வளவு, அதினின்று தப்ப வழியுண்டா என்பன யாவும் அச்சொற்களிலேயே அடங்கியுள்ளன. ஆகவே இத்திங்கள் நமது ஆங்கிலப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

முதலில் இலக்கணம் சிறிது. 'வந்தால்' என்னும் தமிழ்ச் சொல்லை உற்று நோக்குங்கள். நாளை நிகழவிருப்பதையே அது குறிப்பினும், அதன் உருவம் 'வந்து', 'வந்தான்' என்னும் இறந்தகால வடிவங்களை ஒட்டியே அமைந்துள்ளது. ஆங்கிலமோ நாளைய நிபந்தனைக்கு நிகழ்காலத்தைக் கையாள்கின்றது. 'இஃப் யூ கம் லேட், யூ வில் பி ஃபைன்ட்' என்பதே சரியான அமைப்பு. 'நேரங்கடந்து வந்தால் உனக்கு அபராதம் விதிக்கப்படும்' என்பது பொருள். எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' பின்பாதியில் மட்டுமே வரும். நம் பிள்ளைகள் எதிர்காலம் என்றதுமே இரு பாதியிலும் அதனைச் சேர்த்து, 'இஃப் யூ வில் கம் லேட்' என்று எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் 'இஃப் யூ வில்' என்று தொடங்கினால், பெரும்பாலும் 'தாங்கள் இசைந்தால்' என்ற உபசாரப் பொருள் தோன்றும். 'தாங்கள் தயவுகூர்ந்து நேரங்கடந்து வர இசைவீராயின் அபராதம் விதிப்போம்' என்று விடுதிக் காப்பாளர் விண்ணப்பிப்பதுபோல் ஆகிவிடும் அது! 'இஃப் சப்போஸ்' என்று இரண்டையும் சேர்த்துக் கூறுவதும் நம்மிடையே பரவியுள்ள வேறொரு வழு. அவற்றுள் ஒன்றே போதும்.

விதிகளைப் பற்றிப் பேச ஆங்கிலம் நான்கு படிகளை வைத்திருக்கின்றது. 'இஃப் எ போர்டர் கம்ஸ் லேட், ஹி பேஸ் எ ஃபைன்' என்பது அவ்விடுதியின் பொது வழக்கம், எவரையும் சுட்டவில்லை. 'இஃப் யூ கம் லேட், யூ வில் பே எ ஃபைன்' என்பது எதிரில் நிற்பவனுக்கு விடுக்கும் எச்சரிக்கை. 'இஃப் யூ கேம் லேட், யூ வுட் பே எ ஃபைன்' என்பது ஒரு பேச்சுக்காகக் கூறுவது. 'இஃப் யூ ஹேட் கம் லேட், யூ வுட் ஹேவ் பெய்ட் எ ஃபைன்' என்பதோ, 'நீ நேரத்தோடு வந்துவிட்டாய், தப்பினாய்' என்னும் செய்தியை உள்ளடக்கியது. இறுதிப் படிக்குத் தமிழில் 'வந்திருந்தால் கட்டியிருப்பாய்' என்ற தனி உருவம் இருக்கின்றது. முதல் மூன்றுக்கும் 'வந்தால்' என்ற ஒரே சொல்லையே வழங்குகிறோம்; வேறுபாடு காட்ட வேண்டுமாயின், 'வருவதாக வைத்துக்கொள்வோம்' என்று சுற்றிவளைத்தே கூற வேண்டியிருக்கின்றது. ஆங்கிலத்தில் இம்மூன்றையும் நாம் குழப்பிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

இக்குழப்பத்தால் விளைவது வெறும் இலக்கணப் பிழை மட்டுமன்று. மகனை விடுதியில் சேர்க்கும் தாய் ஒருவர், 'வாட் வில் ஹேப்பன் இஃப் மை சன் கம்ஸ் லேட்?' என்று கேட்டால், தம் மகன் நேரங்கடந்து வருவான் என்று அவர் எதிர்பார்ப்பதாகவே காப்பாளருக்குத் தோன்றக்கூடும். 'வாட் வுட் ஹேப்பன் இஃப் எ பாய் கேம் லேட்?' என்பாராயின், எவர் மீதும் ஐயம் விழாமல் விதியை மட்டும் விசாரித்ததாகும். கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் வங்கியில் தவணை தவறுவதைப் பற்றி விசாரிக்கும்போதும், வேலையில் சேருமுன் இடையில் விலகுவதைப் பற்றி விசாரிக்கும்போதும் இந்த 'வுட்' பெரிதும் துணை நிற்கும். கேட்கக் கூச்சப்பட்டு, கேளாமலேயே கையொப்பமிடுவோர் நம்மில் பலர். அக்கூச்சத்தில் பாதியை இந்த ஒரு சொல் நீக்கிவிடும்.

இனி 'அன்லெஸ்'. 'ஒழிய', 'அன்றி' என்னும் நம் சொற்களுக்கு நேரானது அது. 'இல்லாவிட்டால்' என்ற எதிர்மறை அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. 'அன்லெஸ் யூ பே பை த டென்த், யூ வில் பி ஃபைன்ட்' என்றால் 'பத்தாம் தேதிக்குள் கட்டினாலொழிய அபராதம்' என்று பொருள். 'கட்டாவிட்டால்' என்றே எண்ணிப் பழகிய நாம், 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்று இன்னோர் எதிர்மறையைச் சேர்த்துவிடுகிறோம். அப்போது விதி தலைகீழாகி, ஒழுங்காகக் கட்டியவரே அபராதம் செலுத்த வேண்டியவர் ஆகிறார். மாணவர் எழுதும் அறிவிப்புகளில் மட்டுமன்றி அச்சடித்த தாள்களிலும் இதனை நாம் கண்டதுண்டு.

எல்லா நிபந்தனையும் 'இஃப்' என்ற பெயர்ப்பலகையுடன் வருவதில்லை. ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலிக்கு அருகே எழுதப்பட்டிருக்கும் வாசகம் நாமனைவரும் அறிந்ததே. ஆயிரம் ரூபாய் அபராதம், ஓராண்டுச் சிறை என்பன நம் நினைவில் நிற்கின்றன. அவற்றுக்கு முன் நிற்கும் 'வித்தவுட் ரீசனபிள் அண்ட் சஃபிஷியன்ட் காஸ்' என்ற பகுதி நிற்பதில்லை. 'நியாயமான, போதிய காரணமின்றி' என்பது அதன் பொருள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 141-ஆம் பிரிவு தண்டித்தது, காரணமின்றி இழுப்பவரையே. ஆயினும் ஓடும் வண்டியிலிருந்து ஒருவர் தவறி விழுந்துவிட்ட வேளையிலும், 'ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டுமே' என்று சங்கிலியருகே தயங்கி நிற்பவர் உண்டு. விதியின் பாதியை மட்டும் கற்றுக்கொண்டதன் விளைவு இது. பாதி விதி ஓர் உயிரின் விலையாகக்கூடும்.

தண்டனைச் சட்டங்களில் 'ஹூஎவர்' என்ற சொல்லும் ஒளிந்திருக்கும் ஓர் 'இஃப்'தான். 'எவரேனும் இதைச் செய்தால்' என்பதை 'இதைச் செய்பவர் எவராயினும்' என்று அது திருப்பிப் போடுகின்றது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்வாய்பாட்டினாலேயே பெரும்பாலும் கட்டப்பட்டது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாய்பாட்டைக் கைவிடவில்லை. அவ்வாக்கியங்களில் 'ஷல்', 'மே' என்னும் இரண்டு துணைவினைகளும் அருகருகே நிற்பதைக் காணலாம். தண்டிக்கப்படுதல் 'ஷல்'; அதாவது அது உறுதி. சிறைக்காலம் 'மே எக்ஸ்டெண்ட் டு த்ரீ இயர்ஸ்'. அதாவது மூன்றாண்டு வரை நீளலாம், நீள வேண்டும் என்பதில்லை. செய்தித்தாளில் 'மூன்றாண்டுச் சிறை' என்று படித்துவிட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மூன்றாண்டு உறுதியென்று துயருறும் குடும்பங்களுக்கு இந்த 'மே' என்னும் ஓரசைச் சொல்லைச் சுட்டிக்காட்டுவது நம் கடன்.

அச்சட்டத்தின் திருட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ள பகுதி நிபந்தனை வாக்கியத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறுவது முதன்முறை. பொருளோ அதன் மதிப்போ திருப்பியளிக்கப்பட்டுவிட்டது. இம்மூன்றும் ஒருங்கே கூடுமாயின், சமுதாயத் தொண்டு புரியுமாறு தண்டனை விதிக்கப்படும். மூன்றையும் பிணைப்பது 'அண்ட்'. ஒன்று குறைந்தாலும் அவ்வழி அடைபடும். 'அண்ட்' வந்தால் அனைத்தும் வேண்டும், 'ஆர்' வந்தால் ஒன்று போதும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அறிந்தும் பெரியவர்கள் தாளைப் படிக்கும்போது மறந்துவிடுகிறோம்.

இதனை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவோம். ஞாயிறு பூசைக்கு நேரமாகிவிட்டதென்று பதினாறு வயது மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து, 'பாட்டியைக் கோவிலில் இறக்கிவிட்டு வா' என்று அனுப்பும் தந்தையரை எல்லாப் பங்குகளிலும் காணலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 199-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சிறுவர் வாகனமோட்டிக் குற்றம் புரிந்தால், காப்பாளரோ வாகன உரிமையாளரோ அதற்குப் பொறுப்பாவர் என்கிறது அது. அவர்களுக்குரிய தண்டனை மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறை 'அண்ட்' இருபத்தையாயிரம் ரூபாய் அபராதம். இங்கே 'ஆர்' இல்லை என்பதைக் கவனியுங்கள். சிறைக்குத்தான் 'மே எக்ஸ்டெண்ட்' உண்டு. அபராதத்துக்கு அந்த நெகிழ்வும் இல்லை. வாகனத்தின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். அப்பிள்ளை இருபத்தைந்து வயதாகும்வரை ஓட்டுநர் உரிமம் பெறத் தகுதியற்றவனாவான்.

பிரிவு அத்துடன் முடிந்துவிடவில்லை. 'ப்ரொவைடட் தட்' என்று தொடங்கும் ஒரு பகுதி அதற்குள் இருக்கின்றது. இச்சொற்றொடர் வரும் இடத்தில் சட்டம் சற்று நின்று, தான் கூறியதற்கு ஒரு விலக்கோ வரம்போ வகுக்கின்றது என்று கொள்ளலாம். தமக்குத் தெரியாமல் அக்குற்றம் நிகழ்ந்தது என்றோ, அதனைத் தடுக்க உரிய கவனம் அனைத்தும் எடுத்துக்கொண்டோம் என்றோ மெய்ப்பித்தால், காப்பாளருக்குத் தண்டனையில்லை என்பது அவ்விலக்கு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 'ஆர்'. ஆகவே ஒன்றை மெய்ப்பித்தாலும் போதும். ஆனால் அந்த வாசகத்தில் 'இஃப் ஹி ப்ரூவ்ஸ்' என்றிருக்கின்றது. மெய்ப்பிக்க வேண்டியவர் அந்த 'ஹி', அதாவது தந்தை. அவரது இசைவோடுதான் பிள்ளை வண்டியை எடுத்தான் என்று நீதிமன்றம் முதலில் கொள்ளும். தாமே சாவியைக் கையில் கொடுத்த தந்தை என்னவென்று மெய்ப்பிப்பார்? பிள்ளை முறைப்படி உரிமம் பெற்று, அவ்வுரிமம் அனுமதிக்கும் வண்டியையே ஓட்டியிருந்தால் காப்பாளருக்கு இப்பொறுப்பு இல்லை என்றும் அதே பிரிவு கூறுகின்றது. பதினாறு வயதில் கிடைக்கக்கூடிய உரிமம், கியர் இல்லாத, எஞ்சின் ஐம்பது சி.சி.க்கு மேற்படாத சிறு வண்டிக்கே உரியது. நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் அவ்வரம்புக்குள் வாராது.

'ப்ரொவைடட் தட்' என்றதும் நம் திருச்சபைச் சட்டம் நினைவுக்கு வருகின்றது. 1983-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 39-ஆம் விதி, இக்கட்டுரைக்கென்றே எழுதப்பட்டதுபோல் அமைந்துள்ளது. திருச்சபை அதிகாரி ஒருவர் பிறப்பிக்கும் நிர்வாக ஆணையில் எத்தனையோ அறிவுரைகளும் குறிப்புகளும் இருக்கலாம். அவற்றுள் எது நிறைவேறாவிட்டால் ஆணையே செல்லாமற்போகும்? இலத்தீனில் 'சி', 'நிசி', 'தும்மொதோ' என்னும் மூன்று இடைச்சொற்களுள் ஒன்றைக் கொண்டு கூறப்பட்ட நிபந்தனை மட்டுமே அத்தகையது என்கிறது அவ்விதி. 'சி' என்பது 'இஃப்'; 'நிசி' என்பது 'அன்லெஸ்'; 'தும்மொதோ' என்பது 'ப்ரொவைடட் தட்'. ஓர் அனுமதியின் உயிர் இம்மூன்று துகள்களில் இருப்பதாக உலகளாவிய சட்டமொன்று வெளிப்படையாகவே சொல்லிவைத்திருப்பது வியப்புக்குரியது. நம் இல்லத்துக்கு வரும் ஆங்கிலத் தாள்களிலும் பென்சிலால் அடிக்கோடிட வேண்டிய சொற்கள் பெரும்பாலும் இவையே.

வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொரு வகைத் தாளை அறிவர். 'இஃப் த எம்ப்ளாயி லீவ்ஸ் பிஃபோர் த்ரீ இயர்ஸ், ஷி ஷல் பே...' என்று தொடங்கி ஒரு பெருந்தொகையில் முடியும் 'பாண்ட்' அது. செவிலியராகவும் கணிப்பொறியாளராகவும் செல்லும் நம் மகளிர் பலர், தொகையைக் கண்டு அஞ்சி, உடல்நலம் குன்றியபோதும் விலகாமல் இருக்கின்றனர். வேறு சிலர், 'பாண்ட் எல்லாம் வெறும் காகிதம்' என்று எவரோ சொன்னதை நம்பி எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். இரு கோடிகளும் பிழையே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று குறிப்பிட்ட தொகை ஓர் உச்சவரம்பே. அதற்கு 'மேற்படாத நியாயமான ஈடு' பெறவே எதிர்த்தரப்புக்கு உரிமையுண்டு. 'நாட் எக்ஸீடிங்' என்ற சொற்கள் அங்கே தொகையின் தலைமீது கூரைபோல் நிற்கின்றன. எனினும் 2025 மே மாதம், விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் மறத்தலாகாது. மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றே அம்மன்றம் கூறிற்று. இடையில் ஒருவர் விலகினால் பொதுத்துறை வங்கி மீண்டும் நெடிய ஆட்சேர்ப்பு முறையை மேற்கொள்ள வேண்டியிருப்பதையும் அது கருத்திற்கொண்டது. ஆகவே எழுதிக் கொடுக்குமுன்பே, 'வுட் த ஃபுல் அமவுண்ட் பி பேயபிள் இஃப் ஐ ஹேட் டு லீவ் ஆன் மெடிக்கல் க்ரவுண்ட்ஸ்?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நலம். 'மருத்துவக் காரணத்தால் விலக நேரிட்டால் முழுத்தொகையும் செலுத்த வேண்டுமா?' என்பது அதன் பொருள்.

வங்கிக் கடன் தாளில் ஒரு சொல் மாறியிருப்பதையும் கூறிவிடுவோம். தவணை தவறினால் 'பீனல் இன்ட்ரஸ்ட்' என்று முன்பு அச்சிட்டிருப்பர். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கைக்குப் பின் அது 'பீனல் சார்ஜஸ்' என்றே இருத்தல் வேண்டும். முன்னது வட்டியோடு வட்டியாகச் சேர்ந்து குட்டிபோடும். பின்னது ஒரு கட்டணம். அதன்மேல் மேலும் வட்டி கணக்கிடலாகாது. 2024 ஏப்ரல் முதல் வழங்கிய புதுக்கடன்களுக்கு இம்முறை வந்தது. கடன் அட்டைக்கு இது பொருந்தாது.

இனி, விதிக்கப்பட்ட அபராதத்தைப் பற்றி எழுதும் முறை. 'வி ஆர் ஃபைன்ட்' என்று சினந்து தொடங்கும் கடிதம் மேசையில் கிடக்கும். நிகழ்ந்ததைக் கூற நான்காம் படியே ஏற்றது: 'இஃப் வி ஹேட் ரிசீவ்ட் த நோட்டீஸ் இன் டைம், வி வுட் ஹேவ் பெய்ட்.' 'அறிவிப்பு உரிய காலத்தில் வந்திருந்தால் செலுத்தியிருப்போம்' என்னும் இவ்வொரு வாக்கியம், அறிவிப்பு வரவில்லை என்ற முறையீட்டையும், செலுத்தும் எண்ணம் இருந்தது என்ற நற்சான்றையும் சண்டையின்றித் தெரிவித்துவிடுகின்றது. முன்பாதியில் 'வுட் ஹேவ்' என்று எழுதிவிடாதீர்கள். அங்கே 'ஹேட்' மட்டுமே. வேண்டுகோளுக்கு, 'வி வுட் பி க்ரேட்ஃபுல் இஃப் யூ குட் வேவ் த ஃபைன்.' அபராதத்தைத் தள்ளுபடி செய்தல் என்பதற்கு 'வேவ்' என்பதே உரிய சொல். 'கேன்சல்' என்றால், விதித்ததே தவறு என்று நாம் வாதிடுவதுபோல் சில காதுகளுக்கு ஒலிக்கக்கூடும். உண்மையிலேயே தவறாக விதித்திருந்தால் அதனைத் தாராளமாக எழுதலாம்.

வழக்கம்போல் இவ்விதழுக்கும் ஒரு பயிற்சி. கீழ்க்காணும் விடுதி விதியை நாமே ஆக்கியுள்ளோம். பிள்ளைகளோடு அமர்ந்து படியுங்கள்: 'எனி போர்டர் ஹூ ரிட்டர்ன்ஸ் ஆஃப்டர் செவன், அன்லெஸ் ஹி ப்ரொட்யூசஸ் எ லெட்டர் ஃப்ரம் ஹிஸ் பேரண்ட்ஸ், ஷல் பே எ ஃபைன் நாட் எக்ஸீடிங் ட்வெண்ட்டி ருபீஸ், ப்ரொவைடட் தட் த வார்டன் மே எக்ஸ்க்யூஸ் எ ஃபர்ஸ்ட் அஃபென்ஸ்.' மாணவன் ஒருவன் முதன்முறையாக, இரவு ஏழரை மணிக்கு, பெற்றோர் கடிதமின்றி வந்து சேர்கிறான். அவன் இருபது ரூபாய் கட்டியே தீர வேண்டுமா? அவனைக் காக்கக்கூடிய சொற்கள் எத்தனை, அவை எவை? விடையை அடுத்த இதழில் காண்போம்.